கிழட்டு என்ஜினைத் தூக்கி எறியலாமா?

அம்பாசடர் கார் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது. "வேறு என்ஜின் வாங்கி மாட்டுங்கள்" என்கிறார் மெக்கானிக். அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் என்ன செய்யும்?

அவசரப்படக் கூடாது! என்ஜின் பிளாக் வார்ப்பு இரும்பு. பெரும்பாலும் தேய்வது சிலிண்டரின் உட்சுவரும் பிஸ்டன் வளையங்களும்தான். பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடி ஓடும். வேலை முடிய நாளாகும், ஆகட்டுமே!

வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலை 2014-ல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் உடைத்த காரின் என்ஜின். அது எத்தனை கிலோ மீட்டர் ஓடியதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்! ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் அலைய வேண்டும்.

பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் பேச்சு வேறு. அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேட்கலாம்.