வசவு அல்ல, வகைப்பாடு!

'பொறம்போக்கு!'

இந்தச் சொல் காதில் விழாமல் சென்னையில் ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டம். சிக்னலில் குறுக்கே புகுந்த பைக்காரனுக்கு ஆட்டோக்காரர் கொடுக்கும் பட்டம் அது. அரியர் வைத்த பிள்ளைக்கு அப்பா கொடுப்பதும் அதேதான். உதவாக்கரை, உருப்படாதவன், வீட்டுக்கும் நாட்டுக்கும் லாயக்கில்லாதவன். திட்டுகிறவருக்கும் அர்த்தம் தெரியும், வாங்கிக்கட்டிக்கொள்கிறவருக்கும் தெரியும்.

நிஜமாகவே தெரியுமா? அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம், ஒரு பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு.

2017 பொங்கல் சமயத்தில் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. படம் பிடித்தவர் ரதீந்திரன் பிரசாத். பின்னால் இருந்தவர்கள் சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும். முந்தைய வருடம்தான் மகசேசே விருது வாங்கியிருந்த சங்கீத வித்வான் ஒருவர், எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் உட்கார்ந்து, ராகமாலிகையாக, பச்சைச் சென்னைத் தமிழில், 'பொறம்போக்கு' என்று வாய் நிறையப் பாடினார். நிறையப் பேர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். கண் கலங்கியவர்களும் உண்டு.

என் புகாரே அந்தக் கண்ணீரின் மேல்தான்.

சோகப் பாட்டைக் கேட்பதில் நமக்கு நல்ல பயிற்சி உண்டு. ராத்திரி பஸ், ஜன்னல் சீட், ஹெட்போன், நான்கு சோகப் பாட்டு. மனசு லேசாகிவிடும். இறங்கியதும் பரோட்டா சாப்பிடப் போய்விடலாம். யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று சோகப் பாட்டு நம்மைக் கேள்வி கேட்காது. அழவிட்டு அனுப்பிவிடும். எண்ணூர்ப் பாட்டையும் அந்த ஹெட்போன் கணக்கில்தான் சேர்த்தோம். 'ஐயோ பாவம் ஆறு, ஐயோ பாவம் மீனவர்கள்.' இன்னும் சிலர், கர்னாடக ராகத்தில் இந்த மாதிரி வார்த்தை வரலாமா, கூடாதா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். பாட்டு சொல்ல வந்த விஷயம் அப்படியே கரையில் நின்றது.

சரி, சோகப் பாட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சோகப் பாட்டின் பெரியம்மா யார்? ஒப்பாரி. இழவு வீட்டில் ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெறும் அழுகை இல்லை. யார் கடைசி வரை பார்க்க வரவில்லை, யார் மருந்துக்குக் காசு தரவில்லை, எந்தத் தம்பி பங்கை எழுதி வாங்கிக்கொண்டான் எல்லாம் அதில் வரும். சம்பந்தப்பட்ட ஆள் எதிரிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். சாவு வீட்டில் எதிர்த்துப் பேச முடியாது. அழுகைக்குள் வைத்துக் கொடுக்கப்படும் வழக்கு மனு அது. எண்ணூர்ப் பாட்டும் அந்த ஜாதிதான். அதைக் கேட்டு அழுபவர் துக்கம் கேட்க வந்தவர் அல்ல. பிரதிவாதி.

என்ன வழக்கு? அதற்கு அந்தச் சொல்லைப் பிரிக்க வேண்டும்.

புறம்போக்கு என்பது வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு நில வகைப்பாடு. தனி ஆளுக்குப் பட்டா கிடையாது, தீர்வை கிடையாது. வரி போடும் கணக்குக்குப் 'புறம்பாக' நிற்கும் நிலம். எதையெல்லாம் அப்படி வெளியே நிறுத்தினார்கள் என்று பாருங்கள். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, பாட்டைப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு. குடிக்கத் தண்ணீர், மாட்டுக்குப் புல், நெல்லைத் தூற்றக் களம், நடக்க வழி, கடைசியில் எரிக்க இடம். இவற்றில் எது உதவாக்கரை? ஒரு ஊர் ஊராக இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. விற்க முடியாதபடி இருக்கவேண்டும் என்பதால்தான் அவை கணக்குக்கு வெளியே நின்றன.

இது வெள்ளைக்காரன் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கால கல்வெட்டுகளைப் படித்தால், ஊர் ஊராக வரி கணக்குப் போடும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு, ஊர் நத்தம் இவற்றைக் கழித்துவிட்டுத்தான் மீதிக்கு வரி வருகிறது. அந்தக் கழிவுப் பட்டியலில் சேரிகளும் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நிலத்தோடு சேர்த்துச் சில மனிதர்களையும் கணக்குக்கு வெளியே வைத்த சமூகம் நம்முடையது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

பிரிட்டிஷ்காரன் வந்தான். அவனுக்கு வருமானம்தான் நிலம். வரி வராத நிலம் உபயோகமற்ற நிலம். அவன் போய் எழுபது, எண்பது வருடம் ஆகப்போகிறது. அவன் கண்ணாடியை மட்டும் நாம் இன்னும் கழற்றவில்லை. நிலத்துக்குச் சொன்னதை மனுஷனுக்கும் சொல்ல ஆரம்பித்தோம். ஒரு வகைப்பாடு வசவானது இப்படித்தான்.

பாட்டு இதைத் திருப்பிப்போடுகிறது. தனி மனிதன் எவனும் உரிமை கொண்டாட முடியாத இடம், ஊருக்கும் இயற்கைக்குமான இடம் என்று அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தத்தைத் திரும்பக் கொடுக்கிறது. 2015-ல் எஸ்.பி.ஜனநாதன் தன் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தபோதும் இதையேதான் சொன்னார். பாட்டில் வரும் பொறம்போக்கும் ஜனநாதனின் பொதுவுடமையும் ஒன்றுதான்.

'எண்ணூர் எங்கேயோ இருக்கு சார், நமக்கென்ன?' என்பீர்கள். கொசஸ்தலை ஆறு திருவள்ளூர் மாவட்டம் வழியாக வந்து எண்ணூரில் கடலைத் தொடுகிறது. பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிடும் உபரித் தண்ணீர் அந்தக் கழிமுகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கழிமுகம் என்பது வெள்ளத்துக்கு ஊர் ஒதுக்கிவைத்த இடம். அதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழம்பு படிந்தது. துறைமுகத்துக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் உப்பங்கழியை மேடாக்கினார்கள். 2017 ஜனவரி 28 அன்று, பாட்டு வந்து இரண்டே வாரத்தில், துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளினோம், ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகம் முழுவதும் பரவியது. அதே மாதம் கடைசி வாரத்தில் எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நடு ராத்திரியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2017-ல் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினோமே, அந்தப் பாட்டின் அடுத்தடுத்த சரணங்கள் இவை.

இன்னும் கொஞ்சம் வடக்கே போகலாம். கும்மிடிப்பூண்டி. எண்பதுகளிலிருந்து சிப்காட் இருக்கும் ஊர். இரும்பு உருக்கும் ஆலைகள், லாரிகள், ஷிப்டு முடிந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் படுக்கும் ஒடிஷா, பீகார் இளைஞர்கள். அந்தப் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை என்று ஒரு கிராமம். பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, மழைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவந்த ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் பொது நிலம் புது சிப்காட்டுக்குப் போனது. ஊர் எதிர்த்தது. போராட்டம், கைது எல்லாம் நடந்தன. பிரெஞ்சு டயர் கம்பெனியான மிஷலின் அங்கே வருவதற்கு 2009-ல் ஒப்பந்தம் ஆனது. 2012-ல் விவகாரம் பாரீஸ் வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் அங்கே புகார் கொடுத்தார்கள். கம்பெனி நெறிமுறைகளை மீறவில்லை என்று 2013-ல் பதில் வந்தது, சில பரிந்துரைகளோடு.

யாருமே விதியை மீறவில்லை! கதையின் உச்சக்கட்டமே இதுதான். அரசு தன் நிலத்தை எடுத்தது. சிப்காட் ஒதுக்கியது. கம்பெனி வாங்கியது. எல்லாம் காகிதப்படி சரி. எப்படிச் சரியானது? பட்டா நிலம் என்றால் உரிமையாளருக்கு இழப்பீடு தரவேண்டும், பேரம் பேசவேண்டும், கோர்ட்டுக்குப் போவார். புறம்போக்குக்கு உரிமையாளர் யார்? ஊர் முழுக்க. ஊருக்குப் பட்டா கிடையாது, ஆகவே இழப்பீடும் கிடையாது. ஒரு மாட்டுக்காரம்மாவின் இருபது வருடப் பால் வருமானம் எந்தக் காலத்திலும் எழுதப்படாது. முதலில் நிலம் கணக்குக்குப் புறம்பு. பிறகு அதை நம்பியிருந்த ஜனங்களும் கணக்குக்குப் புறம்பு. ராஜராஜன் கல்வெட்டை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான்.

அதே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு விஷயம். அங்குள்ள ஏரியையும் பக்கத்துக் கண்ணன்கோட்டை ஏரியையும் சேர்த்துப் புதிய நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னைக் குடிநீருக்கான ஐந்தாவது நீர்த்தேக்கம். நம் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு, நாம் வசவாக வைத்திருக்கும் வகைப்பாட்டிலிருந்து வருகிறது. அடுத்த முறை யாரையாவது பொறம்போக்கு என்று கத்தித் தொண்டை வறண்டால், குடிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. 'அப்போ ஃபேக்டரியே வேண்டாமா? வேலை யார் கொடுப்பா?' வேண்டும். டயர் இல்லாமல் பஸ் ஓடாது, இரும்பு இல்லாமல் வீடு நிற்காது. கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்கவைத்தவர்களை ஏளனம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் வளர்ச்சிக்கு விலை உண்டு என்று சொல்கிறவர்கள், நிலத்துக்கு மட்டும் ஏன் சும்மா கிடைத்த விலை போடுகிறார்கள்? வெள்ளத்தை உறிஞ்சும் சதுப்பின் விலை என்ன, மேய்ச்சலின் விலை என்ன, கழிமுகத்து இறாலின் விலை என்ன என்று திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் எழுதட்டும். அதைக் கூட்டியும் லாபம் வந்தால் பேசலாம். பொதுச் சொத்தைப் பூஜ்ஜியமாகப் போட்டுவிட்டு லாபம் காட்டுவதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வார்த்தை விளையாட்டையும் கவனியுங்கள். ஓடைக் கரையில் ஒருவர் குடிசை போட்டால் அது 'ஆக்கிரமிப்பு'. 1905-ம் வருடத்துச் சட்டப்படி பி-மெமோ வரும், பிறகு புல்டோசர் வரும், பெரும்பாக்கத்துக்கு லாரி வரும். அதே மாதிரி இடத்தில் கம்பெனி வந்தால் அது 'நில ஒதுக்கீடு', ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார். நிலம் ஒன்றுதான், சொல்தான் வேறு.

நகரவாசிகளான நாமும் கை கழுவிவிட முடியாது. மந்தைவெளி என்ற பெயரே மாடுகளின் இடம் என்கிறது. 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் பிறந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். 2015 டிசம்பரில் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியபோது 'வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு' என்றோம். தண்ணீரைக் கேட்டிருந்தால், 'என் வீட்டுக்குள்ள நீங்க வந்துட்டீங்க' என்று சொல்லியிருக்கும்.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களை மீட்டு ஊருக்குத் தரத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நம் சட்டமன்றமோ 2023 ஏப்ரலில் வேறொரு திசையில் நடந்தது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு, நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் மொத்தமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்று நிபந்தனை உண்டு. நல்லது. ஆனால் நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய பிறகு, உள்ளே ஓடை இன்னும் ஓடுகிறதா என்று எந்த ஊர்க்காரர் போய்ப் பார்க்க முடியும்?

ஆகவே, பாட்டின் அர்த்தம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அது இரங்கல் அல்ல, உரிமைப் பத்திரம். ஊர் பெயருக்கு எழுதப்பட்ட, ஆனால் பதிவாகாத பத்திரம். அதைக் கேட்டு அழுதது போதும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நீங்கள் வாங்கப்போகும் ஃபிளாட்டின் சர்வே எண்ணுக்கு வருவாய்த் துறைப் பழைய பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். செய்தித்தாளில் பொடி எழுத்தில் வரும் நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிப்பைப் படியுங்கள்; ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுத்திருப்பார்கள். சொந்த ஊர் கிராம சபையில், 'நம்ம ஊர்ல மேய்க்கால் எவ்வளவு இருந்துது, இப்ப எவ்வளவு இருக்கு?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருவதற்குள் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

முணுமுணுப்பாகப் பொறம்போக்கு என்று திட்டினாலும் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இந்த ஊரில் கிடையாது.