குட்டியைப் பார்த்து மயங்கும் முன்



இந்த இதழின் நடுப்பக்கங்களை டெகுவுக்குக் கொடுத்திருக்கிறோம். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே நாடுகளின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் வாழும் பெரிய பல்லியினம் இது. பார்த்தவுடன் நம் உடும்பு நினைவுக்கு வரும். ஆனால் உடும்புக்கு நெருங்கிய உறவில்லை. இதன் குடும்பமே வேறு. அமெரிக்காவில் வசிக்கும் நம் வாசகர்கள், "வீட்டில் ஒரு பெரிய ஊர்வன வளர்க்க ஆசை, எதை வாங்கலாம்?" என்று எழுதும்போதெல்லாம் இதன் பெயர் வந்துவிடுகிறது. "நாய் மாதிரி பழகுமாமே" என்று அடுத்த வரியும் வந்துவிடும்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள். நன்றாக வளர்ந்த டெகு இருக்கும் வீடு ஒன்றைத் தேடிப் போய், அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அது நம்பக்கூடிய ஆசை.

காரணம் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த டெகு குட்டியின் தலையும் கழுத்தும் இளந்தளிர்ப் பச்சையாக இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, கருமணிக் கண்கள். யாருக்கும் வாங்கத் தோன்றும். அந்தப் பச்சை சில வாரங்களில் மங்கி, கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள் எடுபடத் தொடங்கும். ஒரு வயதுக்குள் இரண்டு அடியைத் தாண்டிவிடும். மூன்று, நான்கு வயதில் ஆண் டெகு நான்கு அடி நீளமும் ஐந்து கிலோவோ அதற்கு மேலுமான எடையும் கொண்டிருக்கும். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 வருடம் வாழும். கடையில் நாம் கொஞ்சும் அந்தக் குட்டி, அதிக நாள் அப்படி இருப்பதில்லை.

டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் வளர்க்கும் ஆண் டெகுவை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். கூண்டைத் திறந்ததும் அது ஓடவில்லை. பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தொட்டபடி மெல்ல வெளியே வந்தது. என் செருப்பை ஆராய்ந்தது, பிறகு கால்சட்டை மடிப்பை. தாடைக்குக் கீழே இருபுறமும் பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளையின் கன்னம் போல உப்பலான சதை. பருவம் வந்த ஆணுக்கு மட்டும் உரிய அடையாளம் அது. நண்பர் தன் மடியைத் தட்டியதும் ஏறிப் படுத்துக்கொண்டு கண்ணை மூடியது. அந்தப் பழக்கம் வர எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டேன். முதல் மாதங்களில் தான் உடுத்திக் கழற்றிய பழைய பனியனைத் துவைக்காமல் கூண்டுக்குள் போட்டு வைத்ததாகச் சொன்னார். அவருடைய வாசனையோடு தூங்கி எழுந்து, பயம் தெளிந்து, அதுவாக அவர் கையை நாக்கால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தூக்கவே ஆரம்பித்தாராம். அவசரப்பட்டுப் பிடித்தால் குட்டி வாலைக்கூட உதறிவிடும். மூக்கால் பலமாக ஊதினாலோ, உடம்பை உப்பிக்கொண்டு வாலை வளைத்தாலோ, "இன்று வேண்டாம்" என்று சொல்கிறது, விலகிவிடுவதுதான் மரியாதை.

சரி, எந்த டெகு? பழக விரும்புகிறவர்களுக்கு அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளை டெகுவைத்தான் சொல்வேன். சிவப்பு டெகுவும் அதற்கு நெருங்கிய சொந்தம், குணத்திலும் ஒத்துப்போகும். கொலம்பியா டெகு என்று விற்கும் பொன்னிற வகை அளவில் சிறியது, விலையும் மலிவு. அதனாலேயே பலர் அதில் தொடங்குகிறார்கள். ஆனால் அது எளிதில் மசியாது, புதியவர்களுக்கு ஏற்றதில்லை. எதுவானாலும் காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள்; வளர்ப்பிடத்தில் பொரித்ததா என்று கேளுங்கள். கண்ணில் தெளிவும், மூக்கில் சளியில்லாத சுத்தமும், கோணாத தாடையும், நிமிர்ந்த முதுகும் இருக்கவேண்டும். உங்கள் கண்முன் அது ஒரு வேளை சாப்பிடுவதைப் பாருங்கள். கை வைத்ததும் துவண்டு கிடக்கும் குட்டியைச் சாது என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். ஆரோக்கியமான குட்டி துள்ளும், ஓடப் பார்க்கும்.

கூண்டு என்றால் எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம். இது குறைந்தபட்சம். ஒரு சிறிய படுக்கையறையில் கட்டில் போடும் இடம் போய்விடும். உள்ளே ஒரு முனையில் வெயில் காய ஒரு கல் மேடை. அதன் மேற்பரப்பு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். மறுமுனை 25 டிகிரி அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். தனக்கு வேண்டிய சூட்டைத் தானே இடம் மாறித் தேடிக்கொள்ளும். முன்னங்கால் நகங்கள் பலமானவை, தோண்டாமல் இருக்காது. ஒரு அடி ஆழத்துக்காவது ஈரப்பதமான மண்ணோ மரத்தூளோ வேண்டும். காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம். ஈரம் குறைந்தால் தோலுரிப்பது சிக்கலாகி, விரல் நுனியிலும் வால் நுனியிலும் பழைய தோல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கும் வேண்டும். அது வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துகொண்டே போகும். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிட்டவர்கள் வீட்டில்தான் எலும்பு மெலிந்து தாடை ரப்பராக வளையும் நோயைப் பார்க்கிறோம். வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள், உரிய காலத்தில் மாற்றுங்கள்.

சாப்பாட்டில் டெகுவுக்குப் பெரிய பேதமில்லை. பூச்சி, நத்தை, எலி, மீன், வான்கோழி இறைச்சி, முட்டை, பப்பாளி, அத்தி, திராட்சை எல்லாம் இறங்கும். முட்டையென்றால் உயிர். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் சத்தைத் தடுத்துவிடும் என்பதால், அடிக்கடி கொடுப்பதானால் வேகவைத்துக் கொடுங்கள். குட்டிகளுக்கு அநேகமாகத் தினமும், வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள். கூண்டில் அடைபட்டு நெய் போட்டதுபோலக் கொழுத்த டெகுக்களை நிறையப் பார்க்கிறோம். அது செல்லமாக வளர்த்ததற்கு அடையாளம் ஆகாது. இறைச்சி வாசனையுள்ள விரலுக்கும் இறைச்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இடுக்கியால் கொடுங்கள். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் உடம்பில் சகஜம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சில வருடம் பொறுத்திருக்கலாம்.

இனி, டெகுவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குளிர்கால உறக்கம்.

தென் அமெரிக்காவில் குளிர் இறங்கும்போது டெகு வளைக்குள் போய் வாயில் மண்ணை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். வீட்டில் விளக்கும் சூடும் குறையாமல் இருந்தாலும் பல டெகுக்கள் இந்தக் கணக்கை மறப்பதில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தட்டில் வைத்த முட்டை அப்படியே இருக்கும். மறுநாளும் இருக்கும். வெயில் மேடைக்கு வருவது குறையும். பிறகு மண்ணுக்குள் போய்விடும். முதல் வருடம் இதைப் பார்க்கும்போது வளர்ப்பவர்களுக்கு ஏற்படும் கலக்கம் சொல்லி மாளாது. செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்ப்பார்கள். எழுப்பி உட்கார வைத்து ஊட்டப் பார்ப்பார்கள். உறங்கும் உடம்பு செரிக்காது. உள்ளே போன இரை அழுகித் தொல்லை கொடுக்கும். ஆகவே உறங்கும் முன்பே எடை பார்த்து எழுதி வையுங்கள், ஊர்வன மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சாப்பிடுவதை அதுவாக நிறுத்தட்டும். தண்ணீர்த் தொட்டி மட்டும் நிறைந்திருக்கட்டும். உடம்பு வற்றுகிறதா என்று எப்போதாவது பாருங்கள். மற்றபடி விட்டுவிடுங்கள். வசந்தத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு தலை வெளியே வரும்.

எழுந்த பிறகு நடப்பது இன்னும் வியப்பு. 2016இல் கனடாவின் கிளென் டாட்டர்சாலும் பிரேசில் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இனப்பெருக்கக் காலத்தில், விடியற்காலையில் வளைக்குள் இருக்கும் டெகுவின் உடம்பு சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை சூடாக இருந்ததாம். வெயிலும் விளக்கும் இல்லாமல் உடம்புக்குள்ளிருந்தே வந்த சூடு. பல்லிகள் எல்லாம் குளிர் ரத்தப் பிராணிகள் என்று பள்ளியில் படித்த நமக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அந்தப் பருவத்தில் உங்கள் சாதுவான ஆண் டெகு சில வாரம் முரடாகிவிட்டால் மனம் நொந்துகொள்ள வேண்டாம். பெண் டெகு ஆண் துணை இல்லாமலேயே முட்டை கட்டலாம். முட்டையிட இடமில்லாமல் அது உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

குளிரைத் தாங்கும் இந்த வல்லமைதான் ஃபுளோரிடாவில் வினையாகிவிட்டது. தப்பியோடியவையும், இடம் போதவில்லை என்று அவிழ்த்துவிடப்பட்டவையும் மயாமி-டேட் வட்டாரத்தில் பெருகி, இன்று மாநிலத்தின் பல இடங்களில் நிலைகொண்டுவிட்டன. ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய 35 முட்டை. முதலைக் கூடுகளை டெகு கிளறி முட்டைகளைத் தூக்கிப்போவதைக் கண்காணிப்பு கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அருகிவரும் கோஃபர் ஆமையின் குஞ்சுகள் டெகுவின் வயிற்றில் கிடைத்திருக்கின்றன. 2021இல் அந்த மாநிலம் டெகுவைத் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது. அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா மாநிலங்களும் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கின்றன. வாங்கும் முன் உங்கள் மாநிலச் சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் எலி ஒழிக்கவென்று மனிதர்களே டெகுவைக் கொண்டுபோய் விட்டார்கள். எலி இரவில் நடமாடும், டெகு பகலில். எலி அப்படியே இருக்க, கடற்பறவைகளின் முட்டைகளுக்கு ஆபத்து வந்தது. இந்தப் பிராணிகள் மேல் எனக்குக் கோபம் வருவதே இல்லை. தம் இயல்புப்படி வாழ்கின்றன, அவ்வளவுதான். கொண்டுபோய் விட்ட கைகளைப் பற்றித்தான் வருத்தம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஊர்வனவற்றைத் திணித்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. டெகு, சர்வதேச வணிகக் கட்டுப்பாடான சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனம். திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர் முறைப்படி பதிவு செய்யவேண்டும் என்கின்றன. கையில் காகிதம் இல்லாத ஊர்வனவற்றை யார் விற்றாலும் வாங்காதீர்கள். உடும்பைப் பிடித்து வளர்ப்பதோ, சிறைக்குப் போகும் குற்றம்.

அமெரிக்க வாசகர்கள் ஒருமுறை அங்குள்ள ஊர்வன மீட்பு இல்லங்களைத் தொடர்புகொண்டு பாருங்கள். வளர்ந்து, குணம் தெரிந்து, வீடு இழந்து காத்திருக்கும் டெகுக்கள் அங்கே உண்டு. எவ்வளவு பெரிதாகும் என்ற சந்தேகமே இருக்காது. ஃபுளோரிடாவில், வைத்துப் பராமரிக்க முடியாத பிராணியை அபராதமின்றி ஒப்படைக்க அரசு வனவிலங்கு ஆணையமே ஏற்பாடு செய்திருக்கிறது. அவிழ்த்துவிடும் எண்ணம் யாருக்காவது வந்தால் அந்த வழியைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே டெகு வளர்ப்பவர்கள் இந்தக் குளிர்காலத்தில் எடைக் குறிப்பு எழுதி வைத்து எங்களுக்கு அனுப்புங்கள். உறங்கப் போன நாள், எழுந்த நாள், இரண்டு நாளின் எடை, அறையின் வெப்பம் இருந்தால் போதும். வசந்த இதழில் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடுகிறோம். முதல் குளிர்காலத்தைப் பயத்தோடு எதிர்பார்த்திருக்கும் வாசகர்கள் பலர் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்