ஒரு பவுன் செம்பும் என் கடலைக்காடும்

மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் டெக்சாஸ் போய் அஞ்சு மாசம் இருந்துட்டு வந்தோம். அங்கத்த ரோடு, கடை, குளிர் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அதை எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்த மான் கறியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

அவருக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். நவம்பரில் மான் சீசன் தொடங்கிய முதல் வாரமே ஒரு பொட்டலம் கறியோடு வந்தார். வாசலில் நின்றுகொண்டே மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை என்னிடம், "செம்புக் குண்டுல சுட்டதாம் மாமா. ஈயம் இல்லையாம். பச்சை உடம்புக்காரியும் பயமில்லாமச் சாப்பிடலாம்னு சொல்றார்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குண்டு எதுவாக இருந்தால் என்ன, கறி கறிதானே? இங்கே மான் கறி வீட்டில் இருந்தால் ஜெயில். அங்கே சட்டப்படி சுட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அது வரைக்கும்தான் எனக்கு ஆச்சரியம். மறுநாள் அவரே தன் வண்டிக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். விசிட்டர் விசாவில் வந்திருக்கிறவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் தொடக் கூடாது என்று மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

பெரியவர் கடையில் தோட்டா வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, கைநெம்புகோல் மெஷினில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அடியில் புதுக் கேப்பு வைக்கிறார். பிறகு மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுகிறார். கடைசியில் வாயில் குண்டைச் செருகுகிறார்.

அந்தத் தராசு நகைக்கடைத் தராசு மாதிரி. அளவுக்குப் பேர் கிரெயின். ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் பார்க்கிறார். மருந்து ஒரு தோட்டாவுக்குக் கூடி இன்னொன்றுக்குக் குறைந்தால் குண்டு போகிற வேகம் மாறும், அடி தப்பும். அளவுக்கு மேல் போனால் துப்பாக்கியே வெடிக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டுவதே இல்லை.

செம்புக் குண்டுக்கு வருகிறேன். ஈயம் கனம், செம்பு லேசு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல் நிற்கும். செம்பு 9 கிராம்தான் வரும். ஆகவே ஈயக் குண்டின் அதே எடைக்குச் செம்பில் செய்தால் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு தள்ளாடாமல் போக வேண்டுமானால் குழலுக்குள் இருக்கிற முறுக்குவரி அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். பழைய ரைபிளில் அது போதாது. கூட்டுக்குள் மருந்துக்கான இடத்தையும் நீளக் குண்டு அடைத்துக்கொள்ளும். அதனால் முன்பு 165 கிரெயின் ஈயக் குண்டு போட்ட ரைபிளுக்கு இப்போது 130 கிரெயின் செம்புக் குண்டு போடுகிறார். நம்ம கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல்.

எடை குறைந்தால் அடி குறையாதா என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே மானில் இருந்து எடுத்த ஒரு குண்டைக் காட்டினார். முனை நாலு இதழாக விரிந்து பூ மாதிரி இருந்தது. உடம்பு முழுசாக அப்படியே இருந்தது. லேசான குண்டு வேகமாகப் போகும். செம்பு கெட்டியானது என்பதால் அந்த வேகம் இருந்தால்தான் முனை விரியும். அதற்குத்தான் லேசான குண்டு. ஈயக் குண்டு அப்படியல்ல. எலும்பில் பட்டதும் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தில் இருந்து ஒரு சாண் தள்ளிக்கூடக் கறிக்குள் கிடக்கும்.

2008-ல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடங்களுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகத் தந்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஈயத் துணுக்கு இருந்தது. கறியைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சின்னப் பிள்ளையின் மூளைக்கும் ஈயம் கெடுதல். பெரியவர் என் மகளை நினைத்து அதைச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மனுசனுக்கு மட்டுமல்ல. கலிபோர்னியாவில் காண்டோர் என்று ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1982-ல் மொத்தமே 22 தான் மிச்சம். வேட்டைக்காரன் விட்டுப்போன குடலையும் செத்த மிருகத்தையும் தின்று, அதில் இருந்த ஈயத்தால் செத்தவை ஏராளம். 2019 ஜூலையில் இருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. டெக்சாஸில் அப்படிச் சட்டம் இல்லை. இந்தப் பெரியவர் தானாகவே மாறியவர்.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த மருந்து, எத்தனை கிரெயின், குண்டை எவ்வளவு ஆழம் செருகினார், நூறு கஜத்தில் மூணு குண்டும் எங்கே விழுந்தன, எல்லாம் தேதி போட்டு. மூணும் ஒரு இஞ்சு வட்டத்துக்குள் விழுகிற வரைக்கும் அந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போக மாட்டாராம். "ஒரே அடியில விழலேன்னா அது ராத்திரி பூரா எங்கியோ கிடந்து சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றார். மாப்பிள்ளை சொன்ன தமிழ் இது. இங்கிலீஷில் பாவம் என்று சொன்னாரா என்று தெரியாது.

இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பதற்குச் சில நாள் முன்னால்தான் தம்பி போன் பண்ணியிருந்தான். "அண்ணா, கடலைக்காடு போச்சுங்க." ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை, ஒன்றரை ஏக்கர். காய் பிடித்து, பிடுங்க வேண்டிய நேரம். ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் பாதியை உழுது போட்டுவிட்டது. தம்பி போட்டோ அனுப்பினான். டிராக்டர் ஓட்டின மாதிரி இருந்தது.

எங்க தோட்டம் சத்தியமங்கலம் பக்கம். காப்புக் காட்டில் இருந்து ரெண்டரை கிலோமீட்டர். 2025 ஜனவரியில் நம்ம அரசாங்கம் ஒரு முறை கொண்டுவந்ததை நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காப்புக் காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் வனத்துறை ஆட்கள் சுடலாம். என் தோட்டத்துக்கு வருகிற பன்றி நடுவில் மாட்டுகிறது. பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டும். ரெண்டரை கிலோமீட்டர்தானே, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?

சேதத்துக்கு மனுக் கொடுக்கலாம். போட்டோ, சிட்டா, அடங்கல் எல்லாம் வைத்துக் கொடுத்துமிருக்கிறேன். காசு வருகிறபோது அடுத்த போகமும் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் கை தப்பான பக்கம் போகிறது. நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இது தெரிய வேண்டும். யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை. எடுத்தால் சத்தம் கேட்கும். வேறு ரெண்டு வழி இருக்கு. ஒன்று வேலியில் கரண்ட். இன்னொன்று அவுட்டுக்காய்: வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வைப்பது. கடித்தால் வாய் போய்விடும்.

கரண்டுக்கும் அவுட்டுக்காய்க்கும் பன்றி எது, மற்றது எது என்று தெரியாது. 2020-ல் பாலக்காட்டில் சினை யானை ஒன்று வாய் சிதைந்து தண்ணீரில் நின்றே செத்ததை ஊர் உலகமே பார்த்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் கரண்ட் வேலியில் மூணு யானை ஒரே இடத்தில் விழுந்தது. ரெண்டு குட்டி தாயைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அதெல்லாம் பேப்பரில் வந்தது. வராதது எங்க வீட்டுச் சிந்து மாடு. ஆறு வருசத்துக்கு முன்னால், பொழிமேல் மேய்ந்துகொண்டிருந்தது அவுட்டுக்காயைக் கடித்துவிட்டது. தாடை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நின்று, குடிக்க முடியாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. மூணாம் நாள் செத்தது. வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அவன் காட்டிலும் பன்றி புகுந்திருந்தது.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்த வருசம் நானே கட்டுக்கம்பி ரெண்டு சுருள் வாங்கி வந்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஏனுங்க, ராத்திரி கரண்டு வந்தா மடை திருப்ப நீங்கதானே போறீங்க?" அந்தக் கம்பியில் இப்போது துணி காயப்போடுகிறோம்.

அதனால் என் கருத்து இது.

ஒன்று, பன்றியைச் சுடவே கூடாது என்று சொல்கிற நகரத்து நண்பர்களுக்கு. நீங்கள் சுட வேண்டாம் என்றால் பன்றி சாகாமல் இருப்பதில்லை. இன்னும் கேவலமாகச் சாகும். கூடவே மாடும் யானையும் சாகும்.

ரெண்டு, ஆளுக்கொரு துப்பாக்கி கொடு, அமெரிக்கா மாதிரி சுட்டுத் தள்ளு என்று சொல்கிற எங்க ஊர்க்காரர்களுக்கு. அங்கே பன்றி வெளியில் இருந்து கொண்டுவந்து விட்டது, காட்டுக்குச் சொந்தமில்லாதது. இங்கே அது இந்த மண்ணின் மிருகம். புலிக்கும் சிறுத்தைக்கும் தீனி. அங்கேயும் மானுக்குச் சீசன் உண்டு, கணக்கு உண்டு. எனக்குத் துப்பாக்கி வேண்டாம். பகல் பூரா மாடு மேய்த்து, தண்ணி கட்டி, ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நான் சுட்டால் அது பன்றி மேல்தான் படும் என்று என்ன நிச்சயம்? பயிற்சி உள்ளவன் வரட்டும். கூப்பிட்ட அன்றைக்கே வரட்டும், எங்களுக்கு அது போதும். அந்த ரெண்டரை கிலோமீட்டர் கணக்கையும் சேதத்தைப் பார்த்து மறுபடி யோசிக்கட்டும்.

மூணாவதுதான் யாரும் பேசாதது. சுடுவது என்று ஆகிவிட்டால், சுடுகிறவன் கையில் என்ன குண்டு என்று கேளுங்கள். ஈயம் வேண்டாம். எங்களுக்கு மேற்கே மாயாறு பள்ளத்தாக்கில்தான் பாறுக் கழுகு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. எங்க அப்பா காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் ஒரு பொழுதுக்குள் எலும்பாக்கிவிடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் அந்த இனமே அழிகிற நிலைக்கு வந்து, 2006-ல்தான் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். ஊசியைத் தடுத்துவிட்டு, ஈயத் துணுக்கு உள்ள பன்றியைக் காட்டோரத்தில் போட்டால் என்ன அர்த்தம்? புதைத்தாலும் நாயும் நரியும் தோண்டும். அடிபட்டுத் தப்பி ஓடிய பன்றியை யார் புதைப்பது?

செம்புக் குண்டுக்குச் செலவு கூடும்தான். ஆனால் சுடப் போவது ஊருக்குச் சில பன்றி. ஒரு பவுன் எடைச் செம்புக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் யாரும் கேட்காமல், சட்டம் சொல்லாமல், அரைக் குன்றிமணிக்கும் கணக்கு வைத்தார். அரசாங்கம் செய்கிற காரியத்தில் அந்த அளவு கவனத்தை எதிர்பார்ப்பது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஆடியிலும் கடலைதான் போட்டிருக்கிறோம். காய் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நானும் தம்பியும் முறை வைத்து ராத்திரிக் காவல். டார்ச்சு, தகர டப்பா, ரெண்டு நாய். இன்றைக்கு என் முறை, கிளம்புகிறேன்.