ரூபாய்க்கு ஓரணா!



கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும், "அது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, ஆலையில் நூல் பிடிப்பவனுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் அங்கே என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். பத்திரிகையைக் கீழே வைத்துவிடாதீர்கள். அந்த விளையாட்டுக்குள்ளும் கூலி உண்டு. கங்காணி உண்டு. தரகன் உண்டு. கறுப்புச் சந்தையும் ஆட்குறைப்பும் உண்டு. நம்மைப் போன்றவர்களின் இரத்தம் அங்கேயும் உறிஞ்சப்படுகிறது.

2004ல் அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. பல நாட்டு மக்கள் இணையம் வழியாக ஒரே கற்பனை உலகில் கூடி ஆடுகிறார்கள். மாதச் சந்தா 15 டாலர். அங்கே அரக்கனைக் கொன்றால் தங்கக் காசு கிடைக்கும். தாது வெட்டலாம், மூலிகை பறிக்கலாம், சந்தையில் ஏலம் விடலாம். நல்ல வாளும் குதிரையும் வேண்டுமானால் நாள்கணக்கில் பாடுபட்டுக் காசு சேர்க்க வேண்டும்.

பாடுபட மனமில்லாத பணக்காரன் என்ன செய்கிறான்? உண்மையான டாலரை வீசி எறிந்து, கற்பனைக் காசை வாங்கிக்கொள்கிறான். அப்படியானால் அந்தக் காசுக்காகப் பாடுபட்டவன் யார்?

இரவு ஷிப்டுக் கூலி

2007ல் இதை வெளியே சொன்னது நியூயார்க் டைம்ஸ், முதலாளிகளின் பத்திரிகையேதான்! சீனாவில் நான்ஜிங் நகரில் ஒரு தனியார் பட்டறை. இரவுக்குப் 12 மணி நேரம், வாரம் ஏழு இரவு, மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டுமே ஓய்வு. இளைஞர்கள் திரைமுன் உட்கார்ந்து அதே அரக்கனைத் திரும்பத் திரும்பக் கொன்று காசு சேர்க்கிறார்கள். 100 காசு சேர்த்தால் தொழிலாளிக்குக் கூலி சுமார் ஒன்றேகால் டாலர். மணிக்கு 30 சென்ட்! அதே 100 காசைப் பட்டறை முதலாளி மொத்த வியாபாரிக்கு 3 டாலருக்கு மேல் விற்கிறான். வியாபாரியோ அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்களிடம் 20 டாலர் வரை கறக்கிறான்.

கணக்குப் போடுங்கள். இருபதில் ஒன்றேகால் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ரூபாய்க்கு ஓரணா! மீதிப் பதினைந்து அணாவும் அரக்கனைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களின் பைக்குள் போகிறது.

"செங்கொடி பறக்கும் நாட்டிலா இப்படி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எந்தக் கொடியின் கீழ் கடை விரித்தாலும், தனி முதலாளியின் கூலிக் கணக்கு ஒன்றுதான்.

பெரிய கைகள் எங்கிருந்தன? 2006ல், இக்காசு வியாபாரத்தின் பெரும்புள்ளியான ஐ.ஜி.இ. கம்பெனியில், கோல்ட்மன் சாக்ஸ் உள்ளிட்ட வால் தெருப் பண முதலைகள் 6 கோடி டாலரைக் கொட்டின. அந்தக் கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவர் ஸ்டீவ் பானன். 2017ல் ஜனாதிபதி டிரம்பின் ஆலோசகராக வெள்ளை மாளிகையில் அமர்ந்தாரே, அதே பானன்தான்! உலக வங்கி சார்பில் 2011ல் வந்த அறிக்கையோ, 2009ல் இந்த வகை வியாபாரம் 300 கோடி டாலர் என்றும், சீனா, வியத்நாம் போன்ற நாடுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் இதில் உழைக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது.

யந்திரம் வந்தது

மணிக்கு 30 சென்ட் கொடுப்பதும் முதலாளிக்குக் கசந்தது. 'பாட்' என்ற தானியங்கி வந்தது. மனிதக் கை படாமல் இராப்பகலாக அரக்கனைக் கொன்று காசு சேர்க்கும் மென்பொருள் அது. அதற்குத் தூக்கமில்லை, பசியில்லை, சங்கமில்லை. 'கிளைடர்' என்ற ஒரே ஒரு பாட் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

விளைவு என்ன? ஒவ்வொரு அரக்கன் சாகும்போதும் புதுக் காசு பிறக்கிறது. ஆயுதப் பழுது, கடைச் செலவு என்று கொஞ்சம் காசு அழிகிறது. பிறப்பது அழிவதை மிஞ்சினால் காசு மலிந்து, அரிய பொருள்களின் விலை ஏறுகிறது. அதே நேரத்தில் பாட்கள் தாதையும் மூலிகையையும் மலைமலையாய்ச் சந்தையில் குவிக்க, அவற்றின் விலை சரிகிறது. நேர்மையாக ஆடும் ஏழை ஆட்டக்காரன் விற்பது தாதும் மூலிகையும். வாங்க வேண்டியது வாளும் கவசமும். நெல்லை விற்கும்போது அடிமாட்டு விலை, உரம் வாங்கும்போது யானை விலை! இந்தக் கொடுமை நமக்குத் தெரியாததா?

காசு மலிந்தால் அதைச் சேர்ப்பவனின் கூலியும் மலிகிறது. நான்ஜிங் தொழிலாளியின் ஓரணாவும் தேய்கிறது. யந்திரத்தின்மீது நமக்குப் பகையில்லை. உழைப்பை மிச்சப்படுத்தும் யந்திரம் உழைப்பவனுக்கு ஓய்வு தரவேண்டும். அதுவோ அவன் சோற்றைப் பறிக்கிறது. ஏன்? அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், விளங்கும்.

கம்பெனியின் நீதி

"காசு விற்பது குற்றம், பாட் குற்றம்" என்று பிரசங்கம் செய்தது யார்? பிளிஸார்ட் கம்பெனி. அதே கம்பெனி 2012ல் 'டயாப்லோ 3' என்ற தன் விளையாட்டுக்குள் உண்மைப் பணத்துக்கு ஏலக்கடை திறந்தது. ஆயுதம் ஒன்று விற்றால் ஒரு டாலர் கமிஷன் எடுத்தது. ஆட்டத்தின் உயிரையே அது கெடுத்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்டு 2014ல் மூடியது. புத்தி வந்ததா? 2015 ஏப்ரலில் வார்கிராஃப்டில் 20 டாலருக்கு 'டோக்கன்' விற்கத் தொடங்கியது. டோக்கனை வாங்கி உள்ளே விற்றால் தங்கக் காசு! அடுத்த மாதமே, பாட் வைத்திருந்தார்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியது. பிரிட்டனின் ஜாகெக்ஸ் கம்பெனியும் 2011ல் ஒரே வீச்சில் 15 லட்சம் பாட் கணக்குகளைத் தடை செய்தது. 2013ல் 'பாண்டு' என்ற பெயரில் தானே அதே கடையை விரித்தது.

ஊரான் விற்றால் கறுப்புச் சந்தை, தான் விற்றால் சேவை! இதற்குப் பெயர் ஏகபோகம்.

ஏழைக்கு எதிராக ஏழை

எல்லாவற்றிலும் கொடிய விஷம் ஒன்று உண்டு. வெனிசுவேலாவில் விலைவாசி விஷமாய் ஏறி, மாதச் சம்பளம் ஒரு வாரத்துக்கும் காணாத நிலையில், பலர் ஜாகெக்ஸின் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, காசு விற்று அடுப்பெரித்தார்கள். 2017ல் சக ஆட்டக்காரர்களே, "விளையாட்டுக்குள் இந்த வெனிசுவேலாக்காரர்களை வேட்டையாடுவது எப்படி?" என்று வழிகாட்டி எழுதிப் பரப்பினார்கள். அதற்கு முன் சீனத் தொழிலாளர்களையும் இப்படித்தான் இனத்தைச் சொல்லி ஏசி விரட்டினார்கள். வேட்டையாடியவர்களில் எத்தனை பேர் பகலில் கூலிக்கு உழைத்து, இரவில் சந்தா கட்டி ஆடுபவர்கள்! பதினைந்து அணாவை விழுங்கியவனை விட்டுவிட்டு, ஓரணா வாங்கியவன்மீது பாய்ந்தார்கள். வெளியூர்க் கூலிகள் வந்ததால்தான் நம் கூலி குறைந்தது என்று பண்ணையார் நம் காதில் ஓதுகிறாரே, அதே மந்திரம்!

தோழர்களே! விளையாட்டானாலும் 12 மணி நேரம் உழைத்தால் அது உழைப்பு. அதற்கு நியாயக் கூலி வேண்டும், எட்டு மணி நேரம் வேண்டும், சங்கம் வேண்டும். நாளை உங்கள் பிள்ளை செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, ஒரு பாட் என்னை ஏமாற்றிவிட்டது" என்றால் விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இந்தப் பதினைந்து அணாக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.