சுக்கானின் அந்தரங்கம்

ஆறு இந்திய வீராங்கனைகள் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் உலகை வலம் வந்த விருத்தாந்தம் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள் 2018 மே மாதத்தில் திரும்பினார்கள். தென் சமுத்திரத்தின் பேரலைகளையெல்லாம் வென்ற அப்படகு, தாயகத்தை நோக்கி வரும் வேளையில், சுக்கானைத் திருப்பும் பொறி பழுதுற்று மொரீஷியஸ் தீவில் ஒதுங்க நேர்ந்தது. புதிய படகுக்கே இந்தச் சோதனை என்றால், நாற்பது ஐம்பது வருஷம் நீரில் ஊறிய பைபர்கிளாஸ் படகுகளின் கதியை என்னென்பது!

அத்தகைய படகின் சுக்கான் பார்வைக்கு ஒரே பலகைபோல் தோன்றும். பெரும்பாலும் அது இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்த பெட்டியேயாகும். உள்ளே கெட்டியான நுரை. நடுவே துருவேறா எஃகுத் தண்டு. தண்டோடு பற்றவைத்த உலோகப் பட்டைகள். வெப்பத்தில் எஃகும் பைபர்கிளாஸும் ஒரே அளவாக விரிவதில்லை. ஆகவே, தண்டு நுழையும் இடத்தில் மயிரிழை போன்ற பிளவு உண்டாகி, உப்புநீர் உள்ளே புகுந்துவிடுகிறது. 'துருவேறா எஃகுதானே!' என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பிராணவாயு இருக்கும்வரையில்தான் அந்த எஃகைக் காக்கும் மெல்லிய படலம் நிலைத்திருக்கும். தேங்கிய நீரில் அது குலைந்து, உலோகம் குழிகுழியாக அரிக்கப்படுகிறது.

பழைய படகை வாங்குவோர் முதற்காரியமாக வர்ணம் பூசுகிறார்கள். அதற்குமுன் சுக்கானை விசாரிப்பதே விவேகம். கரையேற்றிய படகின் சுக்கானைச் சிறு சுத்தியலால் தட்டினால், ஒட்டு விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். பழுப்பு நீர் கசிந்தால் உள்ளே அரிப்பு என்பதற்கு அடையாளம். திருப்புகோலை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சுக்கான் பலகையை அசைத்துப் பார்க்க வேண்டும். தண்டு நிற்கப் பலகை மட்டும் திரும்பினால், உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிற்று. அப்படகைக் கடலுக்கு அனுப்புவது தகாது.

சிகிச்சை கடினமானதே, ஆயினும் கைவினையறிந்தோருக்குச் சாத்தியமானது. ஒருபக்க ஓட்டை அறுத்தெடுத்து, ஊறிய நுரையைச் சுரண்டி, தண்டைத் தேய்த்துப் பரிசோதிக்க வேண்டும். அரிப்பு ஆழமாயிருந்தால் தண்டையே மாற்றுவதன்றி வேறு வழியில்லை. பிறகு நன்றாக உலர்த்தி, நீர் குடியாத நுரையை இட்டு, எபாக்ஸி பிசினும் கண்ணாடி நார்த் துணியும் கொண்டு மூடி, தண்டு நுழையும் வாயை இறுக அடைக்க வேண்டும். அடிப்பாகத்தில் துளையிட்டு நீரை வடித்து அடைத்துவிடுவது மட்டும் போதாது. அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

நடுக்கடலில் பாய் கிழிந்தால் தைக்கலாம். சுக்கான் தண்டிலிருந்து கழன்றுவிட்டால், எத்துணை தேர்ந்த மாலுமியும் அலையின் கையில் துரும்பே. வர்ணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் முதலில் சுக்கானுக்கு ஒதுக்குவோர் கரை சேர்வார்கள் என்பது நமது அபிப்பிராயம்.