முந்நூறாண்டுக் கணக்கு

விழா எடுப்பது எளிது. கணக்குப் பார்ப்பது அரிது. வளைவு கட்டி, மலர் வெளியிட்டு, மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டால் விழா முடிந்துவிடும். ஆனால், கடந்த ஆண்டுகள் நம் கையில் எதை ஒப்படைத்தன, அதனை நாம் என்ன செய்தோம் என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளும் குமுகமே விழாவெடுக்கும் தகுதியுடையது.

தரங்கம்பாடியில் 1718-ஆம் ஆண்டு எழுந்த புதிய எருசலேம் கோயிலுக்கு 2018-இல் முந்நூறு ஆண்டு நிறைந்தது. அங்கு ஊன்றிய வேரினின்று கிளைத்த தமிழ் உலுத்தரன் சவை 1919-இல் தன்னாட்சி பெற்றது. அதன் நூற்றாண்டும் 2019-இல் நிறைந்தது. இனி வருவது 2033. ஆரோன் என்னும் தமிழர் 1733-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றதன் முந்நூறாம் ஆண்டு அது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. கணக்குப் பார்க்கவும் இதுவே காலம்.

1706 சூலை 9-ஆம் நாள், தென்மார்க்கு அரசன் நான்காம் பிரெடரிக்கு விடுத்த சீகன்பால்கும் புளுச்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இருவரும் செருமானியர். சீகன்பால்கு இங்கு வந்து முதலில் செய்த வேலை அறிவுரை கூறியதன்று. திண்ணைப் பள்ளியில் நம் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரல் வைத்து அகரம் பயின்றது. இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செருமானியத்தில் பெயர்த்தார். தென்மார்க்கு வணிகக் குழுமத்தின் ஆளுநனே அவரைப் பகைத்து நான்கு திங்கள் சிறையிலிட்டான். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. இந்திய மொழிகளுள் முதன்முதலாக அந்நூலைப் பெற்றது தமிழே. 1719-இல், முப்பத்தாறாம் அகவையில், அவர் மறைந்தார். தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

இது வரவு. இனிச் செலவைப் பார்ப்போம்.

தமிழைத் தரையில் அமர்ந்து கற்றவரின் வழிவந்த சவையின் பெயர், 'தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை'. நற்செய்தி என்னும் இனிய சொல் இருக்க, பெயரிலேயே வடசொல் வந்து அமர்ந்திருக்கிறது. உள்ளே சென்றால் ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி, ஜெபம் என அவ்வரிசை நீள்கிறது. திருமுழுக்கும் தூய ஆவியும் மன்றாட்டும் நம்மிடம் இல்லாதவையல்ல. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் நற்செய்தி, திருமுழுக்கு, தூய ஆவி என்றே எழுதிக் காட்டிவிட்டது. கிறித்தவக் குடியிற் பிறந்த பாவாணரைவிடத் தூய தமிழ் எழுதியவர் யார்? சமயம் தமிழுக்குத் தடையன்று, பழக்கமே தடை.

"எம் பாட்டியர் இச்சொற்களால்தாமே கண்ணீர் விட்டு வேண்டினர்?" என்பர். அக்கண்ணீரை நாம் இகழவில்லை. முதியோர் நாவினின்று எதனையும் பறிக்க வேண்டா. ஓய்வுநாள் பள்ளியில் அமரும் சிறுவர்க்கு நல்ல தமிழைக் கொடுங்கள். ஒரு தலைமுறையில் அது தானே வேரூன்றும்.

செலவேட்டில் இன்னொரு வரியும் உண்டு. அது இதனினும் கொடிது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன், அச்சான தமிழ் நற்செய்தியைத் தாமே படித்து இச்சவைக்கு வந்தவர். நெடுங்காலம் நற்செய்திப் பணியாளராய் உழைத்து 1771-இல் மறைந்தார். அவரை ஆயராக்கலாமா என்று எண்ணிப் பார்த்த செருமானியத் தொண்டர்கள் வேண்டாவென விட்டனர். அறிவிலும் பற்றிலும் குறை கண்டார்களா? இல்லை. தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்ட குலத்தில் அவர் பிறந்தார். அவர் கையால் திருவிருந்து பெற மேற்குலத்தார் மனம் ஒவ்வார் என்று அஞ்சினர். தமிழ் நூல் அவருக்குக் கதவைத் திறந்தது. சாதி அதனைப் பாதியில் அடைத்தது.

வடசொல் உயர்ந்தது, தமிழ்ச்சொல் தாழ்ந்தது என்னும் எண்ணமும், ஒரு பிறப்பு உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் எண்ணமும் ஒரே நிலத்தில் முளைத்த களைகள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைக் களைதல் ஒல்லாது. சவைக்கு மட்டுமன்று, தமிழர் அனைவர்க்கும் இது பொருந்தும். நம் ஊர்க் கோயில்களிலும் மன்றங்களிலும் இவ்விரண்டும் இல்லையென்று நெஞ்சைத் தொட்டு நம்மால் சொல்ல இயலுமா?

2033-இல் ஆரோனைப் போற்றுக, தக்கதே. ஆனால் அம்மேடையில் ஆயராகாத இராசநாயக்கன் பெயரையும் உரக்கச் சொல்லுக. அதைச் சொல்லும் மொழி நல்ல தமிழாக இருக்கட்டும். அன்று அது விழா மட்டுமன்று; கடன் தீர்த்த நாளும் ஆகும்.