விழித்திரை எனும் அமானிதம்

 

மூலக்கொத்தளத்தில் நான் ஓதிக் கொடுக்கும் மதரஸாவுக்கு, அஸர் தொழுகைக்குப் பின் நாள்தோறும் வந்து குர்ஆன் ஓதும் பெரியவர் ஒருவர் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்து உழைத்து ஓய்ந்தவர். ஒரு நாள் அவர் முஸ்ஹஃபை என்னிடம் நீட்டி, "ஹஜ்ரத், இது அச்சுப் பிழையா பாருங்க. அலிஃப் எல்லாம் நடுவுல வளைஞ்சு நிக்குது" என்றார்.

அலிஃப் நேராகத்தான் இருந்தது. "பாய், உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா?" என்று கேட்டேன். "அது இருக்கு பன்னிரண்டு வருஷமா. மாத்திரை போடுறேனே! கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்" என்றார்.

இதே சொல்லை நான் முன்பே ஒருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் என் வாப்பா. கண்ணாடியை மாற்றினால் போதும் என்றார். நானும் அதை நம்பி ஓராண்டுக்குள் இரு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். பட்டம் பெற்றவன், பத்துப் பேருக்குப் பாடம் சொல்பவன், ஒரு நல்ல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று எண்ணவில்லை. கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பார்வை இருண்ட பிறகே அழைத்துச் சென்றேன். காலம் கடந்துவிட்டது. இறுதி நான்கு ஆண்டுகள் அவர் பேரப்பிள்ளைகளைக் குரலால்தான் அறிந்தார். அந்தக் குற்ற உணர்வுதான் இக்கட்டுரையை எழுத வைக்கிறது.

கண்ணுக்கு மருத்துவம் என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது புரை அறுவைதான். புரை என்பது கண்ணின் முன்புற வில்லையில் படரும் மங்கல். அந்த வில்லையை அகற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம். ஆனால் கண்ணின் பின்புறச் சுவரில் விரிந்திருக்கும் விழித்திரை அப்படிப்பட்டதன்று. கால் மில்லிமீட்டர் அளவே கனமுள்ள நரம்புப் படலம் அது. ஒளியை உணர்ந்து மூளைக்கு அறிவிப்பது அதுவே. பழுதடைந்த விழித்திரையை எடுத்து எறிந்துவிட்டுப் புதியதை வைக்க இன்றும் வழியில்லை. அதற்கு வலியும் தெரியாது. ஆகவே அது கெடும்போது நமக்கு அறிவிப்பதும் இல்லை.

இந்த மெல்லிய படலத்துக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களை நாம் அறிய வேண்டாமா?

நமது மதரஸாக்களில் 'ஸனது' என்றொன்று உண்டு. யாரிடம் ஓதினார், அவர் யாரிடம் ஓதினார் என்று தொடரும் சங்கிலி அது. இக்கலைக்கும் அத்தகைய சங்கிலி இருக்கிறது. விழித்திரை பிரிந்துவிட்டால் பார்வை போயிற்று என்றே ஒரு காலத்தில் உலகம் கைவிட்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனின் என்பவர், திரையில் விழும் கிழிசலே பிரிவுக்குக் காரணம் என்று நிறுவி, அதைச் சூட்டினால் அடைத்துக் காட்டினார். 1920களில் நடந்தது இது. ஆனால் கிழிசல் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அதைக் காண்பது எப்படி?

அதற்கு விடை கண்டவர் பெல்ஜிய மருத்துவர் சார்லஸ் ஷெப்பன்ஸ். நாஜிகள் ஐரோப்பாவை ஆண்ட நாட்களில், பிரான்சின் எல்லை மலையடிவாரத்தில் மர அறுவை ஆலை நடத்துபவர்போல் மாற்றுப் பெயரில் வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிரனீஸ் மலை கடந்து தப்பிக்கச் செய்தவர் அவர். பின்னர் லண்டன் சேர்ந்து, போரின் இறுதிக் காலத்தில் தலையில் அணிந்துகொண்டு இரு கண்களாலும் விழித்திரையின் ஓரம்வரை பார்க்கும் கருவியை உருவாக்கினார். 1949இல் பாஸ்டன் நகரில் விழித்திரைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார்.

அந்தப் பாஸ்டனுக்குப் பாடம் கற்கச் சென்றவர்களுள் ஒருவர் நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1940இல் பிறந்த டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பயிற்சி பெற்று, ஷெப்பன்ஸிடம் விழித்திரைக் கலையைக் கற்றார். அங்கேயே தங்கியிருந்தால் செல்வம் குவிந்திருக்கும். அவரோ 1970இல் தாயகம் திரும்பினார். காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, 1978இல் நண்பர்களுடன் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். பெயரும் பின்னணியும் எதுவாயினும், அங்கே நோயாளிகளாய்ச் சென்று பார்வையுடன் திரும்பியவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

அவர் கத்தி பிடித்ததோடு நிற்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளையும், கண் பரிசோதனைக் கலைஞர்களுக்கென 1985இல் ஒரு கல்லூரியும் அவருடைய நிறுவனத்தில் உருவாயின. விழித்திரை அறுவையைக் கற்ற இளம் மருத்துவர்கள் அங்கிருந்து நாடெங்கும் பரவினர். 1999இல் பத்மபூஷண் பெற்ற அவர், 2023 நவம்பரில் மறைந்தார். அவரோடு கலை மறையவில்லை. கற்பித்தவனின் கல்வி அவனுக்குப் பின்னும் வாழும் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் பெருமிதத்தோடு எழுதுகிறேன்.

இந்நிலையை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகின்றன தெரியுமா? எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்து, அதற்கும் மேல் விழித்திரைக்கென்றே தனிப் பயிற்சி பெற வேண்டும். மருத்துவமனையில் கற்பிப்பவராயின், காலையில் நோயாளி, பின்பு மாணவர், இரவில் ஆய்வேடு என்று நாள் கழியும். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஆணோ பெண்ணோ பொறுமையும் நுண்கையும் உள்ளவர் இருப்பின், இந்தத் துறையும் ஒன்று உண்டு என்று சொல்லி வையுங்கள்.

இனி நம் கடமை என்ன? நீரிழிவு உள்ளவரின் கண்ணில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகி நீர் கசியும். பின்னர் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து இரத்தம் பெருகும். தொடக்கத்தில் பார்வை சற்றும் குறையாது. எனவே "நன்றாகத் தெரிகிறதே" என்பது சான்றாகாது. பெரியவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரையாயின், நோய் தெரிந்த அன்றே ஒரு முறையும், பின் ஆண்டுதோறும், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடைச் சோதனை இதற்கு ஈடாகாது. உரிய நேரத்தில் செய்யும் லேசர் சிகிச்சை, முற்றிய நிலையினருக்குக் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1970களிலேயே ஆய்ந்து கண்டனர். கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் இன்று உண்டு. கண்முன் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாய்ப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கினாலோ, விழித்திரை பிரிகிறது என்று ஐயுற்று அன்றே ஓட வேண்டும். மறுநாள் என்று தள்ளலாகாது.

பெரியவரின் கதையை முடிக்கவில்லையே! மறுநாள் காலையிலேயே அவரை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். 1819 முதல் இந்நகரத்தின் கண்களைக் காத்துவரும் அந்த நிலையம் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. பார்வையின் நடுமையத்தில் வீக்கம் என்றார்கள். ஊசி போட்டார்கள், பலமுறை போக வேண்டியிருந்தது. அவர் சலித்துக்கொண்ட நாட்களில் நான் சலிக்கவில்லை. வாப்பாவுக்குச் செய்யத் தவறியதை எண்ணிக்கொண்டேன்.

இப்போது அலிஃப் ஏறக்குறைய நேராகிவிட்டது. இன்னும் சிறிது வளைவு இருப்பதாகச் சொல்கிறார். ஆயினும் ஓதுகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே! இன்றிரவு சாப்பிட அமரும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக உங்கள் விழித்திரையை எப்போது பார்த்தார்கள்?" விடை தெரியாவிட்டால் நாளையே புறப்படுங்கள். பார்வை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!